அலுமாரிக்குப் பின்னால் போன வயர்

மேடையில் ஏறினால் முதலில் தலைவரை விளிக்க வேண்டும், அடுத்து நடுவர்களை வணங்க வேண்டும், அதன் பின்னரே எதிரணியைத் தாக்க வேண்டும் என்று பழக்கப்பட்டவன் நான். இன்று அந்த ஒழுங்கை மாற்றிக்கொள்கிறேன். முதலில் தாக்குகிறேன்.

இந்த இணைய நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த நீங்கள், நேற்று உங்கள் கையில் தரப்பட்ட பயிற்சிக் கோப்பின் நான்காம் பக்கத்தைத் திறவுங்கள். மாலை ஏழு மணி முதல் பத்து மணிவரை இணையம் மெதுவாக இருப்பதாக வாடிக்கையாளர் முறையிட்டால், அது உச்ச நேரம் என்பதைப் பணிவுடன் விளக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. நான் இந்த வேலையில் சேர்ந்த நாளிலும் அந்த வாக்கியம் அதே பக்கத்தில் இருந்தது. அன்றைய மோடம் இன்று இல்லை. அன்றைய வயர் இன்று இல்லை. அன்று வேகம் என்று நாங்கள் பெருமைப்பட்டதைக் கண்டால் இன்று நீங்கள் சிரிப்பீர்கள். எல்லாம் மாறின, வாக்கியம் மட்டும் மாறவில்லை. விளக்கச் சொல்கிறது, விசாரிக்கச் சொல்லவில்லை. பணிவைக் கேட்கிறது, உண்மையைக் கேட்கவில்லை.

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவன் என்று என்னை நானே அழைத்துக்கொள்வதைக் கேட்டுப் பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என் முழங்கால்களின் வயது வேறு. அதன் காரணமும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. எந்த வயரை எங்கே பொருத்துவது என்பதை நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குக் கோப்பு போதும். நான் சொல்லப்போவது ஒரு வீட்டையும், அந்த வீட்டைப் பற்றி நான் எழுதிய ஒரு தாளையும் பற்றி.

போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. எனக்கு வயது இருபத்திரண்டு. பாடசாலையில் விவாத அணித் தலைவனாக இருந்தவன். எந்தத் தலைப்பைத் தந்தாலும் எந்தப் பக்கத்தைத் தந்தாலும் ஏழு நிமிடம் தடையின்றிப் பேசக்கூடியவன். பேசித் தோற்றதில்லை என்ற செருக்கோடு கொழும்பின் கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் காரியாலயம் வந்தவன். அங்கே வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பலகையில் பெயர்கள் எழுதப்படும். அந்த வாரத்தில் யார் அதிகமான முறைப்பாடுகளை மூடினார் என்பதே கணக்கு. மூடுவது என்றால் பழுதைத் திருத்துவது என்று நினைத்துவிடாதீர்கள். வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்குவது, அவ்வளவுதான். பழுது இருந்தால் என்ன, போனால் என்ன, கையெழுத்து இருந்தால் முறைப்பாடு மூடியது. அந்தப் பலகையில் என் பெயர் எப்போதும் முதலாவது. மிகவும் கோபமான வாடிக்கையாளர்களிடம் என்னைத்தான் அனுப்புவார்கள். நான் கருவிப் பையைத் திறப்பதற்கு முன்பே அவர்கள் கையெழுத்திட்டுவிடுவார்கள்.

அப்படித்தான் வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கைத் தெருவொன்றில், கீழ்த்தள வீடொன்றுக்குப் போனேன். ஒழுங்கையின் தொடக்கத்தில் இராணுவச் சோதனைச் சாவடி. வீட்டில் குகன் என்ற இளைஞனும் அவனுடைய தாயும் இருந்தார்கள். குகனுக்கு என்னைவிட ஒரு வயது குறைவாக இருக்கலாம். கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை. தினமும் மாலை எட்டு மணிக்கு அவன் இணையத்தில் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு விளையாடுவான். கூட விளையாடுகிறவர்கள் நால்வரும் யாழ்ப்பாணத்தில் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். இருவர் லண்டனில், ஒருவர் ஒஸ்லோவில், ஒருவர் டொரன்டோவில். அந்த ஐந்து பேரும் ஒன்றாகக் கூடக்கூடிய இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

"அண்ணை, எட்டு மணிக்கு அஞ்சு பேரும் இறங்குவம். எட்டு அஞ்சுக்கு நான் செத்துப்போடுவன்," என்றான் குகன். "நான் ஓட வெளிக்கிட முதலே லைன் அறும். திரும்பி வந்து பாத்தா நான் பிணமாக் கிடப்பன். அவங்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பாங்கள்."

"வெளியில சுடுறது காணாதெண்டு இவன் வீட்டுக்குள்ளயும் சுட வெளிக்கிட்டிருக்கிறான்," என்றார் தாய். "சந்தியில ஆமிக்காரன் நிக்கிறான் தம்பி. வெடிச் சத்தம் கேட்டா முதல்ல எங்கட கதவைத்தான் தட்டுவான்."

"அதுக்குத்தானே அம்மா ஹெட்போன் போடுறன்."

"காதுக்குப் போட்டாய். வாய்க்கு என்ன போட்டாய்? குண்டைப் போடு, குண்டைப் போடு எண்டு தமிழில கத்துறாய்."

குகன் என்னைப் பார்த்து, "இப்ப குண்டெண்டு சொல்லுறேல்லை அண்ணை. வடை எண்டுதான் சொல்லுறது. வடையைப் போடு, ரெண்டு வடையைப் போடு," என்றான்.

பிறகு ஒரு பாடசாலைக் கொப்பியை என்னிடம் நீட்டினான். மூன்று வாரமாக இணைப்பு அறுந்த ஒவ்வொரு நேரத்தையும் அதில் குறித்து வைத்திருந்தான். கணக்காய்வாளன் அல்லவா. நேர் கோடுகள், சிறிய எழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. நான் அதைக் கையில் வாங்கினேன், தாள்களைப் புரட்டினேன், வாசிக்கவில்லை. எதிரணிப் பேச்சாளர் பேசும்போது நம்முடைய அடுத்த பேச்சை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருப்போமே, அதே பழக்கம்.

நான் பேசினேன். அலுவலகம் விடும் நேரத்துக் காலி வீதியை, காலி நகருக்குப் போகும் அந்தப் பெருந்தெருவை, வர்ணித்தேன். பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதுபோலவே எட்டு மணிக்குக் கொழும்பு முழுவதும் ஒரே குழாயில் ஏறி நிற்கிறது என்றேன். உச்ச நேரம் என்ற சொல்லை ஐந்து தடவையாவது சொல்லியிருப்பேன். கருவிப் பை திறக்கப்படவில்லை.

"தம்பி நல்லாக் கதைக்கிறார்," என்றார் தாய். குகன் கையெழுத்திட்டான். முறைப்பாடு மூடியது.

ஒன்பது நாட்களின் பின் அதே வீட்டிலிருந்து அதே முறைப்பாடு வந்தது. குகன் கதவைத் திறந்துகொண்டே, "அண்ணை, போன முறை நல்லாப் பேசினியள். எனக்கு வடிவா விளங்கினது. லைனுக்குத்தான் விளங்கேல்லை," என்றான்.

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் மேடையில் கைதட்டல் மட்டுமே வாங்கிப் பழகிய எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்றுதான் முதன்முறையாக அந்த வீட்டில் என் பையைத் திறந்தேன். அளந்தேன். அளவுமானி காட்டியது: அந்த இணைப்பில் இரண்டு தொலைபேசிகள் இருக்கின்றன. என் கண்முன்னே மண்டபத்தில் இருந்தது ஒன்று.

இந்தத் தொழிலில் இது சாதாரணமான பழுது. தொலைபேசியும் இணையமும் ஒரே வயரில் வரும் வீட்டில், ஒவ்வொரு தொலைபேசிக்கும் பில்ற்றர் என்ற சிறிய பெட்டி ஒன்று இருக்க வேண்டும். ஒன்றுக்கு இல்லாவிட்டாலும், அந்தத் தொலைபேசி மணியடிக்கும்போது இணையம் அறும்; எடுத்துப் பேசினால் பேசி முடியும்வரை இழுபடும். மண்டபத்துத் தொலைபேசிக்கு அது இருந்தது. மற்றதற்கு இல்லை. மற்றது எங்கே?

"வேற போன் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. இது ஒண்டுதான்."

"அம்மா?"

"ஒண்டுதான் தம்பி."

சுவரின் அடியோடு ஒரு வெள்ளை வயர் ஓடிப் பெரிய மர அலுமாரி ஒன்றின் பின்னால் மறைவதைக் கண்டேன். "அப்ப இந்த வயர்?"

"அது பழசு," என்றார் தாய். "ஒண்டுக்கும் பாவிக்கிறேல்லை."

"அலுமாரியை ஒருக்காத் தள்ளுங்கோ பாப்பம்."

"கால் உடைஞ்ச அலுமாரி. தள்ளினா விழுந்திடும்."

அப்போது குகன் இடையில் வந்தான். அவனுடைய குரலில் வேடிக்கை இல்லை. "விடுங்கோ அண்ணை. லைன் இப்ப நல்லா இருக்கு. நான் முறைப்பாட்டை வாபஸ் வாங்கிறன்."

சற்று முன்புவரை தினமும் செத்துக்கொண்டிருந்தவன், அலுமாரி என்ற சொல்லைக் கேட்டவுடன் எல்லாம் நலம் என்கிறான். காது உள்ள எவனும் அங்கே நின்றிருப்பான். நான் நிற்கவில்லை. எதிரணி பின்வாங்குகிறது என்று மட்டுமே எனக்குப் பட்டது. பின்வாங்குகிறவர்களை விடாமல் துரத்த வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்த கலை.

காரியாலயத்துக்குத் திரும்பி ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினேன். வாடிக்கையாளர் அனுமதியற்ற இணைப்பொன்றைத் திட்டமிட்டு மறைக்கிறார். தொழில்நுட்பவியலாளரைப் பொய்யால் திசைதிருப்புகிறார். வீட்டின் பின்பகுதியைச் சோதிப்பது அவசியம். மூன்றே வாக்கியங்கள். மூன்று முறை செதுக்கினேன். அதைப் பாதுகாப்புப் பிரிவின் தட்டில் வைத்தேன். அந்தத் தட்டில் விழும் தாளுக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. சோதனைக் குழு வேனில் போகும். அந்தக் காலத்தில் தமிழர் வீடென்றால் பொலிஸ்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டே போகும். தெரிந்தே வைத்தேன். என் பணப்பையில் எங்கள் வீட்டார் எல்லோருடைய பொலிஸ் பதிவுத் துண்டின், கொழும்பில் தமிழர் தங்குவதற்கு வாங்கவேண்டிய அந்தத் துண்டின், பிரதி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுமந்துகொண்டே வைத்தேன்.

அன்று மாலை வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். தொலைபேசி ஒரு முறை மணியடித்து ஓய்ந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒரு நிமிடத்தில் மறுபடி மணி. உடனே எடுத்தார். மறுமுனையில் கனடாவிலிருந்து என் அக்கா.

இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமல்ல. அந்த ஆண்டுகளில் கொழும்புத் தமிழ் வீடுகள் பலவற்றின் வழக்கம். தெரியாத குரல் கப்பப் பணம் கேட்டு மிரட்டும். தெரியாத குரல் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கும். ஆகவே முதல் மணிக்கு எவரும் எடுப்பதில்லை. நம்மவர்கள் ஒரு மணி விட்டு வைத்துவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, திரும்ப அழைப்பார்கள். பிள்ளை தாயோடு பேசுவதற்குத் தன் சொந்த வீட்டுக் கதவை இரண்டு முறை தட்டவேண்டியிருந்த நகரம் இது. அதை ஒரு வழக்கம் என்று நாங்களும் சாதாரணமாக ஏற்றுக்கொண்டு வாழ்ந்தோம்.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. குகனின் கொப்பி என் கண்முன் திறந்தது. வாசிக்கவில்லை என்றேன்; ஆனால் கண் பார்த்திருந்தது. எட்டு முப்பத்தொன்று, அறுந்தது. எட்டு முப்பத்திரண்டு, அறுந்தது. பிறகு ஒன்பதரைவரை இழுபட்டது. அடுத்த நாள் எட்டு நான்கு, எட்டு ஐந்து. அதற்கடுத்த நாள் எட்டுப் பன்னிரண்டு, எட்டுப் பதின்மூன்று. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. ஒவ்வொரு நாளும் இரண்டு முறை. நெரிசல் அப்படி வராது. நெரிசல் நிமிடம் பார்த்து இரண்டு முறை கதவைத் தட்டாது.

அலுமாரிக்குப் பின்னால் ஒரு வயர் இல்லை. ஒரு அறை இருக்கிறது. அறைக்குள் ஒருவர் இருக்கிறார். பதிவுத் துண்டில் பெயர் இல்லாத ஒருவர். லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பிய காலத்தில், அப்படி ஒருவர் பின்னறையில் இருப்பதற்கு என்ன பொருள் என்று எனக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அவரை நோக்கிப் பொலிஸோடு ஒரு வேனை அனுப்ப நான்தான் எழுதியிருக்கிறேன். நல்ல ஆங்கிலத்தில்.

மறுநாள் காலை எட்டரைக்கே காரியாலயத்தில் நின்றேன். முறைப்பாட்டுப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தெமட்டகொடையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் அக்கா. என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "ஒங்கட பேப்பர் நேத்தே உள்ளுக்குப் பெய்த்து மகன். வேன் நாலு மணிக்கு. பொலிஸுக்கும் சொல்லியாச்சு," என்றார்.

"திருப்பி எடுக்க ஏலாதா அக்கா?"

இப்போது நிமிர்ந்தார். ஏன் என்று கேட்கவில்லை. "எடுக்க ஏலா. ஆனா எழுதின ஆளே பழுது நீங்கிட்டு, முந்தி எழுதினது பிழை எண்டு எழுதிக் குடுத்தா, பாதுகாப்புப் பிரிவு சேர் நிப்பாட்டலாம். பழுது உண்மையாவே நீங்கியிருக்கோணும். அவர் லைனை டெஸ்ட் பண்ணிப் பாப்பார்." பிறகு பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த முறை சின்னதா எழுதுங்க. ஒங்கட பேப்பர் வாசிக்க டிக்‌ஷனரி தேடவேண்டியிருக்கு."

வீட்டுக்கு ஓடினேன். அக்கா கனடாவிலிருந்து கொடுத்தனுப்பிய வயரில்லாத் தொலைபேசி ஒன்று எங்களிடம் இருந்தது. அடித்தட்டை மண்டபத்தில் பில்ற்றரோடு பொருத்திவிட்டு, கைப்பிடியை எந்த அறைக்கும் கொண்டுபோகலாம். அது இருந்தால் அலுமாரிக்குப் பின்னால் வயரே தேவையில்லை. பழுதும் நீங்கும், சாட்சியும் நீங்கும். அதைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். "உது என்னத்துக்கு?" என்று அம்மா கேட்டார். "பிறகு சொல்லுறன்," என்றேன்.

காலி வீதிச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் வயர்கள், அளவுமானி, அதற்குமேல் ஏரியல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. "மேக்க மொகத்த?" என்று கேட்ட இராணுவ வீரர், இது என்ன என்பதற்கு நான் சொன்ன விடையை நம்பவில்லை. மேலதிகாரி வரும்வரை நிற்கச் சொன்னார். என் பஸ் போய்விட்டது. வேலைக்குப் போகிற மனிதன் நான், நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தன் வீட்டுத் தொலைபேசி ஒரு தொலைபேசிதான் என்று நிரூபிப்பதற்காக நடுவீதி வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். அந்த வெயிலின் சூடு இன்றும் என்னில் இருக்கிறது. அதைத் தணித்துக்கொள்ள எனக்கு விருப்பமும் இல்லை.

வெள்ளவத்தை வீட்டை அடைந்தபோது பன்னிரண்டரை. குகன் வேலைக்குப் போயிருந்தான். தாய் கம்பிக் கதவின் பூட்டைத் திறக்கவில்லை.

"முறைப்பாட்டைத்தான் வாபஸ் வாங்கியாச்செல்லோ தம்பி. பிறகேன் வந்தனீங்கள்?"

வழி நெடுக ஒரு பேச்சைத் தயாரித்திருந்தேன். முன்னுரை, மூன்று காரணங்கள், முடிவுரை. அந்த முகத்தைக் கண்டதும் அதில் ஒரு சொல்லும் உதவாது என்று தெரிந்தது. "அம்மா," என்றேன், "எங்கட வீட்டிலயும் ஒரு ரிங் விட்டு வைச்சிட்டுத்தான் திருப்பி எடுக்கிறவை."

அவர் சாவியை எடுத்தார். பின் பூட்டு திறந்தது.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையையும், நாலு மணி வேனையும், பொலிஸையும். அதுவரை எனக்கு நீங்கள் என்று மரியாதை தந்த அந்தப் பெண்மணி, "நீர் தமிழ்ப் பிள்ளைதானே?" என்றார். "உமக்கு இரக்கம் வேண்டாம். அறிவுமா இல்லாமப் போச்சுது? பொய் சொன்னன், ஓம். ஏன் சொன்னன் எண்டு ஒரு கணம் யோசிச்சீரோ?"

பையைக் கீழே வைத்துவிட்டு அலுமாரியின் ஒரு முனையைப் பிடித்தேன்.

அவரும் நானும் அலுமாரியைத் தள்ளினோம். சிரமமே இல்லாமல் நகர்ந்தது. கால் நான்கும் நன்றாகவே இருந்தன. பின்னால் சிறிய அறை. ஒரு கட்டில், ஒரு சூட்கேஸ், தரையில் தொலைபேசி. கட்டிலில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். குகனின் மச்சாள், பெயர் மலர். அடையாள அட்டையில், அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த கிளிநொச்சி முகவரி. திருமணமாகி மூன்று மாதத்தில் கணவர் டென்மார்க்கில் வேலைக்குத் திரும்பிவிட்டார். விசா வரும்வரை கொழும்பில் நிற்க வந்தவளைப் பதிவு செய்யப் போன இடத்தில், அந்த முகவரியைப் பார்த்துவிட்டு, தங்குவதற்குக் காரணம் போதாது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். கணவனிடம் போவது போதிய காரணம் இல்லையாம்.

"நீங்கள் ரெண்டு முறையும் பேசினதை உள்ள இருந்து கேட்டனான் அண்ணா," என்றாள் மலர். "பட்டிமன்றம் மாதிரி இருந்தது. கை தட்ட ஏலாமப் போச்சு."

அவளே வயரைச் சுருட்டித் தந்தாள். மண்டபத்துத் தொலைபேசியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் அடித்தட்டைப் பொருத்தினேன். கைப்பிடியை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தவள், "அவர் வேலை முடிஞ்சு எட்டு மணிக்குப் பிறகுதான் எடுப்பார். இதில கேக்குமோ?" என்றாள்.

அப்போதுதான் அந்த வீட்டின் உச்ச நேரம் எனக்கு விளங்கியது. அது கொழும்பின் உச்ச நேரம் அல்ல. டென்மார்க்கில் ஒரு மனிதன் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரம்.

"கேக்கும்," என்றேன். "கடற்கரை மட்டும் கொண்டு போனாலும் கேக்கும்."

"கடலை நான் இன்னும் காணேல்லை. நாலு மாசமாச் சத்தம் மட்டும்தான்."

"அவங்கள் வந்தா?" என்று தாய் கேட்டார். மலரை வெளியே கொண்டுபோனால் ஒழுங்கைத் தலைப்பில் சாவடி. உள்ளே வைத்திருந்தால் நாலு மணிக்கு வேன். வரமாட்டார்கள் என்று உறுதி சொல்ல என்னால் முடியவில்லை. முயற்சிக்கிறேன் என்றேன். எவ்வளவு மெலிந்த சொல் அது. அன்று என்னிடம் அதைவிடத் தடித்த சொல் இருக்கவில்லை.

மூன்று மணிக்குப் பிறகே பாதுகாப்புப் பிரிவின் கதவைத் தட்டினேன். அதன் பொறுப்பாளர் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த சிங்களவர், அதிகம் பேசாதவர். மேசையில் என் முதல் அறிக்கை கிடந்தது. பக்கத்தில் என் புதிய தாளை வைத்தேன். பில்ற்றர் பழுது, நீக்கப்பட்டது. முன்னைய அறிக்கை என் தவறான ஊகம். அவர் வீட்டின் இணைப்பைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு தொலைபேசிதான் காட்டியது, ஒழுங்காக. இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நேற்று எழுதியது அழகான ஆங்கிலம்," என்று சிங்களத்தில் சொன்னார். "அதில் வாடிக்கையாளர் பொய்யர். இன்று வாடிக்கையாளர் நல்லவர். ஒரே இரவில் என்ன நடந்தது?"

அறையில் ஒரு கடிகாரம் இருந்தது. மூன்று முப்பத்தைந்து. என்னிடம் வாதங்கள் இல்லாமல் இல்லை. அளவுமானியில் பழி போடலாம். வீட்டுக்கு ஒரு பில்ற்றரோடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனத்தின்மேல் பழி போடலாம். இரண்டையும் பொருத்தமாகச் சோடித்து ஏழு நிமிடம் பேசியிருப்பேன். ஆனால் நான் பேசப் பேச அவருக்குச் சந்தேகம் கூடும்; சந்தேகம் கூடினால் வேன் போகும். வெல்ல ஆசைப்பட்டுத்தான் நேற்று அந்த வீட்டை இங்கே கொண்டுவந்து போட்டேன். இன்று தோற்றால் மட்டுமே அதை மீட்கலாம்.

"மட்ட வெரதுனா, சேர்," என்றேன். எனக்குப் பிழைத்துவிட்டது. அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு எவ்வளவு பலம் தேவை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். கடைசியில் முதல் அறிக்கையை என் பக்கம் தள்ளி, அதன் குறுக்கே இது பிழை என்று எழுதிக் கையெழுத்திடச் சொன்னார். எழுதினேன். பின் தொலைபேசியை எடுத்து, இன்று வர வேண்டியதில்லை என்று பொலிஸுக்குச் சொன்னார். என்னைப் பார்த்து, வீடுகளுக்குள் போய் ஊகிக்கிறவன் சில காலம் வெளியில் நிற்கட்டும் என்றார். இரத்மலானையில் தொலைபேசிக் கம்பம் ஏறும் வேலை, ஒரு வருடம். என் முழங்கால்கள் அங்கிருந்து வந்தவை. வெள்ளிக்கிழமைப் பலகையில் என் பெயர் பிறகு ஒருபோதும் ஏறவில்லை.

ஐந்து மாதங்களின் பின் ஒரு நாள், கம்ப வேலைக் கணக்குக் கொடுக்க நான் காரியாலயம் வந்திருந்தபோது, குகன் அங்கே வந்தான். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொதி. பிரித்தால் எங்கள் வீட்டுத் தொலைபேசி.

"அண்ணை, இது இனித் தேவையில்லை."

அந்த ஆண்டுகளில் ஒருவருக்கு ஒரு பொருள் இனித் தேவையில்லை என்றால், அதன் காரணத்தைக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். "ஏன்?" என்றேன்.

"இனி அவை ரெண்டு பேருக்கும் போன் என்னத்துக்கு? மலர் போன கிழமை டென்மார்க்குக்குப் போய்ச் சேந்திட்டா. இப்ப நேர நிண்டு சண்டை பிடிக்கினமாம்."

தொலைபேசியை மறுபடி தாளில் சுற்றினேன். முறைப்பாட்டு மேசை அக்கா எங்களைப் பார்க்காததுபோல் பதிவேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"எட்டு மணிக்கு லைன் இப்ப எப்பிடி?" என்று கேட்டேன்.

"அறுகிறேல்லை அண்ணை. ஆனா இழுக்குது. எட்டு அஞ்சுக்குச் செத்தவன் இப்ப எட்டரைக்குச் சாகிறன். உச்ச நேரமாம். உங்களிட்ட அதுக்கு நல்ல விளக்கம் ஒண்டு இருந்ததே." சிரித்துக்கொண்டே ஒரு புதிய கொப்பியைத் தந்தான்.

இந்த முறை வாசித்தேன். ஒவ்வொரு வரியையும் வாசித்தேன். இரட்டைத் தட்டு இல்லை. ஏழு மணிக்கு மெல்லத் தொடங்கி, எட்டரைக்கு உச்சம் ஏறி, பத்துக்கு அடங்கும் சரிவு. நாள் தவறாமல். இது உண்மையான நெரிசல், நம்முடைய நெரிசல். ஒரு தெருவுக்கு மட்டுமே போதுமான குழாயைப் பல தெருக்களுக்கு விற்றுவிட்டு, அதன் விளைவுக்கு ஒரு மரியாதையான பெயரும் வைத்து, அந்தப் பெயரைப் பணிவுடன் விளக்க இளைஞர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். அன்றே அறிக்கை எழுதினேன். முறைப்பாட்டு மேசை அக்கா சொன்னபடி சின்னதாக. குகனின் கொப்பியைப் பிரதி எடுத்து இணைத்து மேலே அனுப்பினேன்.

பின்னறையில் இருந்த ஒரு பெண்ணை நோக்கி நான் எழுதிய தாளுக்கு இந்த நிறுவனம் ஒரே நாளில் வேன் ஒதுக்கியது; பொலிஸுக்கும் சொல்லியது. தன்னைப் பற்றி நான் எழுதிய தாளுக்குப் போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் ஒரு வரி பதில் அனுப்பவில்லை. ஆண்டுதோறும் அதே தாளை நான் மறுபடி அனுப்பினேன். ஆண்டுதோறும் கோப்பின் நான்காம் பக்கம் அப்படியே அச்சாகி வந்தது.

அந்தத் தாளின் பிரதி முறைப்பாட்டு மேசையின் மூன்றாம் இழுப்பறையில், குகனின் கொப்பியோடு இருக்கிறது. திகதி போடும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். இவ்வளவு நேரமும் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டீர்கள், கைதட்ட வேண்டாம். நாளை காலை உங்களில் ஒருவர் அந்த இழுப்பறையைத் திறந்து, திகதியைப் போட்டு, உங்கள் பெயரில் கையெழுத்திட்டு, மேலே அனுப்பிவையுங்கள்.